நடுகல் உருவும் உழைக்கும் உடலும்: கிருஷ்ணகிரி – ஓசூர்ப் பகுதியில் கலைவரலாறு சார்ந்த ஆளுரு வரைதல்

ஆய்வுச் சுருக்கம்

உயிருள்ள ஒருவரை எதிரில் நிறுத்தி வரையும் பயிற்சி கவின்கலைக் கல்லூரிகளில் 'லைஃப் டிராயிங்' என வழங்குகிறது. இக்கட்டுரை அதனை 'ஆளுரு வரைதல்' எனக் குறிக்கிறது. சென்னைக் கலைப்பள்ளியின் மரபையும் கிருஷ்ணகிரி மாவட்ட நடுகற்களின் உருவ அமைதியையும் இணைத்து நோக்கி, ஓசூர்த் தொழிற்பகுதிக்கு ஏற்ற பயிற்சிமுறை ஒன்றை இது முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: ஆளுரு வரைதல், நடுகல், சென்னைக் கலைப்பள்ளி, உழைப்பாளர் சிலை, ஓசூர்.

முன்னுரை

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், சிப்காட் வளாகங்களால் வளர்ந்த தொழில் நகரம். அதனை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல் தொழிலுக்கும் பெயர்பெற்றது. பாறை ஓவியங்களும் நடுகற்களும் மிகுதியாகக் கிடைக்கும் நிலமும் அதுவே. அரசு கவின்கலைக் கல்லூரிகளோ சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ளன. இந்நிலையில், இப்பகுதி மாணவர் மனித உருவை வரையக் கற்பதற்கு உள்ளூர்க் கலைவரலாறு எவ்வகையில் துணைசெய்யும் என்பது ஆராயத்தக்கது.

சென்னைக் கலைப்பள்ளி தந்த மரபு

1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, தொழிற்கலைகளை வளர்க்கும் நோக்குடையது. 1929இல் அங்குப் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி காலத்தில் ஆளை நேரில் நோக்கி வரைதலும் உருச்செய்தலும் வலுப்பெற்றன. மெரினா கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட அவருடைய உழைப்பாளர் சிலை இப்பயிற்சியின் பயனை உணர்த்துகிறது. பாறையை நகர்த்தும் நால்வரின் உடல்களில் எடை எந்தக் காலில் இறங்குகிறது, முதுகு எங்கு வளைகிறது என்பன துல்லியமாகப் புலப்படுகின்றன.

அவருக்குப் பின் 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், இந்திய மரபின் கோட்டு வடிவங்களை நோக்கி மாணவரைத் திருப்பினார். 1966இல் உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமம் இப்போக்கின் விளைவாகும். எனவே, உடலை நேரில் காணுதல், மரபின் கோட்டை உணர்தல் என்னும் இரண்டும் தமிழகக் கலைக்கல்வியில் முன்பே வேர்கொண்டவை எனலாம்.

நடுகல்லைப் பாடமாக்குதல்

நடுகற்கள் பலவற்றில் வீரனின் கால்கள் பக்கவாட்டிலும் மார்பு நேர்நோக்கிலும் அமைகின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களை மாணவர் முதலில் கோட்டுருவாக வரையலாம். அடுத்து, அதே நிலையில் ஒருவரை நிற்கச் செய்து வரையலாம். அப்போது இடுப்பு எவ்வளவு திருகவேண்டியுள்ளது என்பதும், அந்நிலையில் நெடுநேரம் நிற்றல் அரிது என்பதும் தெளிவாகும். சிற்பி உடற்கூறு அறியாமல் பிழை செய்யவில்லை. நடையைப் பக்கவாட்டிலும் வில்லேந்திய மார்பை நேரிலும் காட்டி, இரு நோக்குகளை ஓருருவில் இணைத்துள்ளார். படியெடுத்தலால் மட்டும் இவ்வுண்மையை அறிதல் கடினம். கல்லையும் ஆளையும் ஒருங்கே வரைவதே அதனைப் புலப்படுத்தும்.

பர்கூரை அடுத்த மல்லப்பாடியின் பாறை ஓவியம் மற்றொரு பாடம். குதிரைமீது அமர்ந்து பொரும் வீரர்கள் அங்கு வெண்ணிறத்தில் தீட்டப்பட்டுள்ளனர். முகமோ தசையோ விரிவாக இல்லை. அசைவு மட்டும் எஞ்சுகிறது. ஓரிரு நிமிடங்களில் உடலின் போக்கைப் பிடிக்கும் விரைவுக் கோட்டுப் பயிற்சிக்கு இது தக்க முன்மாதிரி. வண்ணப் பயிற்சியிலும், கருங்கல்லை ஒத்த சாம்பல்நிறத் தாளில் வெண்மை கொண்டு ஒளிபடும் இடங்களை மட்டும் தீட்டச் செய்யலாம். தாளின் நிறமே இடைநிழலாக அமைவதால், ஒளி நிழலைப் பிரித்தறியும் திறன் எளிதில் கைவரும்.

மூன்றாம் படியாக, இன்றைய உழைப்பின் நிலைகளை வரைதல் வேண்டும். கடப்பாரையால் கல் நெம்புபவர், இயந்திரத்தின் முன் குனிந்து நிற்பவர், தலையில் சுமை ஏற்றியவர் ஆகியோரின் எடைச் சமநிலை நடுகல் வீரனின் நிலையோடு ஒப்பிடத்தக்கது.

பெயரும் கண்ணியமும்

கல்வெட்டுடைய நடுகற்களில் வீரனின் உருவோடு அவன் பெயரும் இறந்துபட்ட காரணமும் இடம்பெறுவதுண்டு. வகுப்பறையில் ஆளுருவாக நிற்பவர் பெரும்பாலும் பெயரற்றவராகவே மறைந்துபோகிறார். உழைப்பாளர் சிலைக்குக் கல்லூரிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் ஆளுருவாக நின்றனர் எனக் கூறப்படுகிறது. ஆயினும் மக்கள் அறிந்தது சிற்பியின் பெயரையே.

தொழிலாளரை வரையும் வகுப்பு இக்குறையைத் தொடரலாகாது. நிற்பவரின் இசைவைப் பெறுதல், நேரத்திற்குரிய ஊதியம் அளித்தல், இடையிடையே ஓய்வு தருதல், அவர் விரும்பும் உடையில் நிற்க விடுதல் ஆகியன வகுப்பின் அடிப்படை விதிகளாக வேண்டும். அவர் விரும்பினால் ஓவியத்தின் கீழ் அவர் பெயரும் தொழிலும் பொறிக்கப்பட வேண்டும். இது மரியாதைக்கான செயல் மட்டுமன்று. தான் வரைவது வெறும் வடிவம் அன்று, வாழும் ஒருவரின் உடல் என்னும் உணர்வை அது மாணவர்க்குத் தரும்.

முடிவுரை

கலைவரலாறு சார்ந்த பயிற்சி என்பது பழைய உருவங்களைப் படியெடுப்பதன்று. அவற்றை ஆக்கியோர் உடலை எவ்வாறு கண்டனர் என்பதை மீண்டும் கண்டறிவதாகும். அதற்குரிய சான்றுகள் கிருஷ்ணகிரியின் பாறைகளிலும் நடுகற்களிலும் உள்ளன. அதற்குரிய உடல்கள் ஓசூரின் தொழிற்கூடங்களில் உள்ளன. கல்லூரித் தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை ஆசிரியர்கள் ஓவிய ஆசிரியர்களோடு இணைந்து அருங்காட்சியகத்தில் ஒரு நாள் வகுப்பாக இதனைத் தொடங்கலாம். உருவோடு பெயரையும் பொறித்த மரபை மீட்பதே அவ்வகுப்பின் தனிச்சிறப்பாக அமையும்.