சைக்கிளுக்கு எவ்வளவு முதல் போடலாம்?

நமது சேலம் கடைவீதி வியாபாரிகளில் பத்துப் பதினைந்து பேர் இப்போது ஞாயிறுதோறும் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மருத்துவர் சர்க்கரை என்று சொன்ன பிறகு ஆரம்பித்தவர்கள் பாதிப் பேர், பிள்ளைகளைப் பார்த்து ஆசைப்பட்டு ஆரம்பித்தவர்கள் மீதிப் பேர். நாம் முதல் வகை. பருப்பு மண்டிக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் அன்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம். சம்பந்தம் கல்லாவில் இருக்கிறது.

சைக்கிள் நமக்குப் புதிய பொருள் அல்ல. எழுபதுகளில் நாம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தந்தையாரின் சைக்கிளில் கேரியர் வளைய வளையப் பருப்பு மூட்டையைக் கட்டி, சில்லறைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டவர்கள்தாம். நகராட்சி வில்லை இல்லாமலும் இரவில் விளக்கு இல்லாமலும் போனால் அபராதம் கட்டவேண்டிய காலம் அது. அன்று சைக்கிள் சம்பாதித்துக் கொடுத்தது. இன்று அதே சைக்கிள் செலவுக் கணக்கில் வந்து நிற்கிறது. மெல்லிய டயரும் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள ரோடு பைக் நாற்பதாயிரம் ரூபாய் அளவில் ஆரம்பித்துப் பத்து லட்சத்தையும் தாண்டிப் போகிறது.

2024 தீபாவளிக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறோம். நம்மிடம் பல ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைத் தம்பி ஒருவர், பதினைந்து நாள் தவணையில் ஒரு நாள் தவறாதவர், வழக்கத்துக்கு மாறாக நாற்பத்தைந்து நாள் கடன் கேட்டார். பண்டிகைக் கொள்முதலுக்கு வைத்திருந்த பணம் எங்கே என்று விசாரித்தோம். கொஞ்சம் தயங்கிவிட்டு, "எட்டுக் கிலோதான் அண்ணே, ஒரு விரலில் தூக்கிவிடலாம்" என்றார். 2,75,000 ரூபாய்க்குக் கார்பன் சைக்கிள் வாங்கிவிட்டார்! நாம் திட்டவில்லை. சரக்கையும் கொடுத்து அனுப்பினோம். ஆனால் அன்று இரவு பேரேட்டை மூடிய பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

நம் கூட்டத்தாருக்குப் பெரிய பரீட்சை ஏற்காடு மலைப்பாதை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஆளும் சைக்கிளும் தண்ணீர்ப் பாட்டிலும் சேர்த்து 85 கிலோ என்று வையுங்கள். ஏற ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அறுபதாயிரம் ரூபாய் அலுமினியச் சைக்கிளை விட அந்தக் கார்பன் சைக்கிள் இரண்டு கிலோ குறைவு. 85இல் 2 என்பது நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. மலை ஏற்றத்தில் மிச்சமாகும் நேரமும் ஏறக்குறைய அதே விகிதம்தான், அதாவது சுமார் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு 2,15,000 ரூபாய். இத்தனைக்கும் மேலே போய் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து அரசியல் பேசுகிறோம். தம்பிக்கோ வயிற்றில் மட்டும் ஆறு கிலோ உபரி இருப்பு.

சமதரையில் எடை இன்னும் கணக்கில் வராது. அங்கே எதிரி காற்று. மணிக்கு 25 கிலோமீட்டரிலிருந்து 30க்குப் போகவேண்டுமானால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் முன்பைப் போல ஒன்றே முக்கால் மடங்கு பலம் வேண்டும். அந்தக் காற்றில் பெரும்பகுதி மோதுவது சைக்கிள் மேல் அல்ல, ஓட்டுகிறவன் உடம்பின் மேல். முதுகைத் தாழ்த்தி ஓட்டிப் பழகினால் வரும் லாபத்துக்குக் காசு கிடையாது.

வெளிநாட்டில் ஒரு சம்பவம். ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ சைக்கிள் கடை வைத்து நொடித்துப் போனவர். தம் கையாலேயே ஒரு சைக்கிள் செய்தார். அதற்குச் சலவை இயந்திரத்திலிருந்து கழற்றிய பேரிங்கைப் போட்டார். 1993 ஜூலை 17 அன்று நார்வேயின் ஹாமர் நகரில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி, 1984 முதல் நிலைத்திருந்த உலக சாதனையை முறியடித்தார். ஆறே நாளில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்டுமேன் அதைத் தாண்டிவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டுமல்லவா! மறு ஆண்டு ஓப்ரீ மீண்டும் பிடித்தார். அவர் வென்றது தமக்குக் கச்சிதமாக அமைந்த உட்காரும் முறையால். நாமும் சைக்கிள் கடையில் முதலில் கேட்கவேண்டியது பிரேம் அளவைத்தான். அளவு தவறினால் முழங்காலும் கழுத்தும் வட்டி கட்டும்.

எனவே நாம் வைத்திருக்கும் வரையறை இது. கடையிலிருந்து மாதம் வீட்டுச் செலவுக்கு எடுக்கும் தொகை எவ்வளவோ, அதற்கு மேல் முதல் சைக்கிளுக்குப் போகக்கூடாது. அதிலும் நாலில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் சைக்கிளைப் பார்க்கவேண்டும். ஹெல்மெட், முன் பின் விளக்கு, மெத்தை வைத்த அரைக்கால் சட்டை, பம்பு, கூடுதல் டியூப் ஆகியவற்றுக்கு அந்தப் பங்கு. மெத்தைச் சட்டையைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஹெல்மெட்டில் விலை கூடக்கூடக் காற்றோட்டமும் லேசும்தான் கூடும். தரச் சான்று பெற்ற சாதாரண ஹெல்மெட்டும் அதே மோதல் சோதனையைத் தாண்டி வந்ததுதான்.

விளக்கில் மட்டும் கருமித்தனம் வேண்டாம். நம் கூட்டத்தில் ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாய்ச் சைக்கிளில் பின்விளக்கு இல்லாமல் புறவழிச் சாலையில் ஐந்து மணி இருட்டில் போனார். பின்னால் வந்த வேன் உரசித் தள்ளியது. காறை எலும்பு முறிந்து இரண்டு மாதம் கடைக்கு வரவில்லை. மகன் கல்லூரிக்கு விடுப்புப் போட்டுக் கல்லாவில் உட்கார்ந்தான். நல்ல பின்விளக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

மலை ஏறுகிறவர்கள் பல் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். முன்னால் சிறிய பல்சக்கரம் 34, பின்னால் பெரியது 32 அல்லது 34 இருந்தால் நம் வயதுக்கும் ஏற்காடு ஏறலாம். விலை குறைந்த ஷிமானோ கிளாரிஸ், சோரா வகைகளிலேயே இது கிடைக்கும். செயின் நீண்டுபோனதை அளக்கச் சிறு அளவுகோல் உண்டு. நூற்றுக்கு முக்கால் பங்கு நீளும் முன் மாற்றிவிட்டால் பின் பல்சக்கரம் பிழைக்கும். இல்லையேல் இரண்டையும் சேர்த்து வாங்கவேண்டியதுதான். இன்னொன்று, இந்த வண்டிகளின் டியூப் வால்வு மெல்லியது, வழியில் உள்ள பஞ்சர் கடைப் பம்பு அதில் மாட்டாது. முப்பது நாற்பது ரூபாய்ப் பித்தளை மறை ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஒருமுறை நாம் ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

வரி விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் சைக்கிளைக் கடை பெயரில் பில் போட்டு உள்ளீட்டு வரி எடுக்க முயலவேண்டாம், சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. வட்டியில்லாத் தவணை என்று அட்டை மாட்டியிருந்தாலும், அதில் மறைந்திருக்கும் வட்டியின் மேல் வங்கி 18 சதவீத ஜி.எஸ்.டி. பிடிக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன கழிவு என்று கேளுங்கள். நமக்குக் கேட்கத் தெரியாதா என்ன!

அந்தத் தம்பி பொங்கலுக்குப் பிறகு சைக்கிளை விற்றுவிடப் பார்த்தார். மூன்று மாதமே ஓடிய வண்டிக்கு 1,60,000க்கு மேல் யாரும் கேட்கவில்லை. மனம் வராமல் வைத்துக்கொண்டார். நம் பாக்கியை நான்கு தவணையில் தீர்த்தார். கடைசித் தவணை மே மாதம் வந்தது. அந்த ஐந்து மாதமும் துவரம்பருப்பை இருபத்தைந்து கிலோ, ஐம்பது கிலோ என்றுதான் எடுத்தார். பக்கத்துக் கடைக்குப் போன வாடிக்கைக்காரர்களில் சிலர் இன்னும் திரும்பவில்லை என்கிறார்.

இந்த விலைச் சரிவு வாங்குகிறவருக்கு அனுகூலம். பழைய வண்டி வாங்குவதானால் அலுமினியமாகப் பாருங்கள். கார்பன் பிரேமில் உள்ளே விட்ட விரிசல் கண்ணுக்குத் தெரியாது. செயினை அளந்து, சக்கரத்தைச் சுழற்றிக் கோணல் இருக்கிறதா என்று பார்த்து, பெடல் அச்சைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அசல் பில்லைக் கேட்டு வாங்குங்கள். பிரேமின் அடியில் எண் பொறித்திருக்கும். பில்லில் எண் குறித்திருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணத்தை எண்ணுங்கள்.