ஏர் ஃப்ரையர் வாங்குமுன்

எண்ணெயின்றிப் பொரிக்கும் இயந்திரம் என்ற விளம்பரத்தைக் கண்டு ஏர் ஃப்ரையர் வாங்க எண்ணும் உறுப்பினர்கள், பணம் கொடுக்குமுன் அதன் தன்மையை அறிதல் நலம். 2010ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனத்தார் இப்பெயரில் அறிமுகம் செய்த இச்சாதனம், உண்மையில் விசிறி பொருத்திய சிறு மின்னடுப்பேயாகும். விசிறி சுழற்றும் சூடான காற்றே உணவை மொறுமொறுப்பாக்குகிறது.

ஆகவே, உணவைக் குவிக்காமல் ஓரடுக்காகப் பரப்புதல் வேண்டும். லிட்டர் கணக்கைவிடக் கூடையின் அடிப்பரப்பே முக்கியம். நால்வர் உண்ணும் வீட்டில் மிகச் சிறிய கூடையை வாங்கினால் இருமுறை சமைக்க நேரும், மின்செலவும் மிகும்.

1500 வாட் சாதனம் 20 நிமிடம் இடைவிடாது சூடேறினால் அரை யூனிட் செலவாகும். 230 வோல்ட்டில் அது 6 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுப்பதால், 16 ஆம்பியர் பிளக் வசதி வேண்டும். வீட்டில் அஃதில்லையெனில் அச்செலவையும் விலையோடு கூட்டிக் கொள்க.

உருளைக்கிழங்கு, மீன், கோழி ஆகியவற்றுக்கு இச்சாதனம் ஏற்றது. பஜ்ஜி மாவோ சூடான எண்ணெயில்தான் உருப்பெறும், கூடையிலிட்டால் வழிந்துவிடும். பலவகைப் பொத்தான்கள் விலையை உயர்த்துமேயன்றிச் சுவையை உயர்த்தா. வெப்பத்துக்கு ஒன்றும் நேரத்துக்கு ஒன்றுமாக இரு திருகுகள் போதும். கூடையின் பூச்சு நாளடைவில் உரியக்கூடுமாதலால், மாற்றுக்கூடை தனியே கிடைக்குமா என்பதையும் கேட்டறிக.

வாரத்தில் எத்தனை நாள் பயன்படும் என்று இல்லத்தாருடன் கணக்கிட்டபின் வாங்குக. தவணையில் வாங்கிப் பரண்மேல் உறங்கும் பொருள் எவ்விலைக்கும் மலிவன்று.