காத்து பார்த்து கிளம்பு.. சைக்கிளை மிதி! தென்காசியை சுற்றி 4 சூப்பர் ரூட்

தென்காசி:-

சாரல் சீசன் தொடங்கி விட்டால் குற்றாலம் ரோட்டில் கார், வேன், பஸ் என வரிசை கட்டி நிற்கும். அந்த நெரிசலுக்கு நடுவே ஹெல்மெட் மாட்டிக் கொண்டு சைக்கிளில் போகிறவர்களையும் இப்போது பார்க்க முடிகிறது. வெளியூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கியர் சைக்கிளில் வருகிறார்கள். உள்ளூர் பையன்களோ பிளஸ் 1 படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிளிலேயே அவர்களுக்கு டஃப் கொடுக்கிறார்கள்.

ஆனால் எந்த ரோட்டில் போகலாம், எதில் போகக்கூடாது என்று தெரியாமல் மெயின் ரோட்டில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. கொல்லம்-திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை (எண் 744) தென்காசி, செங்கோட்டை வழியாகத்தான் செல்கிறது. கல், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய கனரக லாரிகள் கேரளாவுக்கு போவதும் இதே ரோட்டில்தான். அந்த ரோட்டை முடிந்தவரை தவிர்த்து விட்டு, குளத்தங்கரையும் வயல்வெளியும் உள்ள கிராமத்து ரோடுகளில் செல்வதற்கான 4 ரூட் விவரம் இதோ.

முதலில் காத்தை புரிஞ்சுக்கணும்

தென்காசி பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மேட்டை விட பெரிய எதிரி காத்துதான். காரணம் இருக்கிறது. மேற்கு தொடர்ச்சி மலை இங்கே செங்கோட்டை-ஆரியங்காவு பகுதியில் தாழ்ந்து கணவாயாக இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து வந்து மலையில் மோதும். தாழ்வான கணவாய் கிடைத்ததும் அதன் வழியாக பீறிட்டு கிழக்கே பாயும். வாசலை பாதி சாத்தினால் இடுக்கு வழியாக காத்து வேகமாக அடிக்குமே, அதே கதைதான். குற்றாலத்தில் சாரல் அடிப்பதும், சுரண்டை பக்கம் காற்றாலைகள் சுற்றுவதும் இந்த காத்தால்தான்.

அதனால் சீசன் நேரத்தில் ஒரே ஒரு விதியை ஞாபகம் வைத்தால் போதும். போகும்போது மேற்கு, வரும்போது கிழக்கு. உடம்பில் தெம்பு இருக்கும்போது எதிர்காத்தில் மிதித்து விட வேண்டும். திரும்பி வரும்போது காத்தே முதுகில் கை வைத்து தள்ளி விடும். இதை மாற்றி செய்தால் போகும்போது பறப்பீர்கள், வரும்போது நாக்கு தள்ளி விடும். வெயில் ஏற ஏற காத்தும் ஏறும் என்பதால் காலை 6 மணிக்கு கிளம்பி 9 மணிக்குள் வீடு திரும்புவது நல்லது.

ரூட் 1: குற்றாலம்-ஐந்தருவி-இலஞ்சி (சுமார் 20 கி.மீ.)

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றது. தென்காசி காசி விஸ்வநாதர் கோவிலில் இருந்து கிளம்பினால் சுமார் 5 கிலோ மீட்டரில் குற்றாலம். அங்கிருந்து ஐந்தருவி ரோட்டில் கொஞ்சம் ஏற்றம் இருக்கும். இரண்டு பக்கமும் மரங்கள் இருப்பதால் வெயில் தெரியாது. திரும்பும்போது இலஞ்சி வழியாக வயல்களை பார்த்துக் கொண்டே இறங்கலாம். இலஞ்சி குமாரர் கோவிலில் ஒரு கும்பிடு போட்டு விட்டு தென்காசி வந்து சேரலாம்.

சீசனில் சனி, ஞாயிறு மட்டும் உஷார். காலை 7 மணிக்கு மேல் கார்கள் குவிந்து விடும். அருவியில் குளிக்க நினைப்பவர்கள், தடை போட்டிருந்தால் அடம் பிடிக்கக்கூடாது. 2024-ம் ஆண்டு மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் பள்ளி மாணவர் ஒருவர் பலியானது பலருக்கும் நினைவிருக்கும். கீழே வெயில் அடித்தாலும் மலை மேல் மழை பெய்தால் அருவியில் வெள்ளம் வந்து விடும்.

ரூட் 2: செங்கோட்டை-பண்பொழி-மேக்கரை (40 முதல் 45 கி.மீ.)

நாலு ரூட்டிலும் அழகானது இதுதான். இலஞ்சி வழியாக செங்கோட்டை. வாஞ்சிநாதன் பிறந்த ஊர். 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி வரை கேரளா பக்கம் இருந்து, பிறகு தமிழ்நாட்டுடன் சேர்ந்தது. பக்கத்தில் உள்ள பிரானூருக்கு இன்றும் 'பார்டர்' என்ற பெயர் ஒட்டிக் கொண்டிருப்பது அந்த பழைய எல்லையால்தான். பரோட்டாவுக்கு பேர் போன இடம். ஆனால் வயிறு முட்ட தின்று விட்டு சைக்கிள் மிதிக்க முடியாது. பரோட்டாவை இன்னொரு நாளைக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

செங்கோட்டையில் இருந்து பண்பொழி ரோட்டில் திரும்பினால் லாரி சத்தம் பின்னால் போய் விடும். தென்னந்தோப்பு, நெல் வயல், எதிரே மலை. திருமலைக்குமாரசுவாமி கோவிலுக்கு மலை மேல் வரை ரோடு இருக்கிறது. ஏற்றம் கடுமையானது. சாதா சைக்கிள்காரர்கள் அடிவாரத்தில் பூட்டி வைத்து விட்டு படி ஏறுவதே மேல். பிறகு மேக்கரை வரை போய் அடவிநயினார் அணையை பார்க்கலாம். திரும்பும்போது வடகரை, அச்சன்புதூர், இலத்தூர் வழியாக வந்தால் காத்து உங்கள் பக்கம்.

வடகரை, மேக்கரை தோட்டங்களில் யானைகள் புகுவது வழக்கம். எனவே இருட்டிலோ, மாலை மங்கிய பிறகோ இந்த ரூட்டில் போகவே கூடாது.

ரூட் 3: ஆய்க்குடி-சாம்பவர்வடகரை-சுந்தரபாண்டியபுரம் (30 கி.மீ. அளவில்)

ரோஜா படத்தில் வந்த கிராமம், அந்நியன் பாட்டில் ஹீரோக்கள் முகம் வரைந்த பாறை என்று சுந்தரபாண்டியபுரத்துக்கு சினிமா புகழ் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சூரியகாந்தி பூத்து விட்டால் செல்போனும் கையுமாக கூட்டம் வந்து விடும். பூவுக்காக வயலுக்குள் இறங்கி செடியை மிதிக்காதீர்கள். அது விவசாயியின் சோறு.

ரோடு கிட்டத்தட்ட சமமாக இருக்கும். ஆனால் இங்கேதான் காத்து ஏமாற்றும். கிழக்கே போகும்போது மிதிக்காமலே சைக்கிள் ஓடும். "ஆஹா, நம்ம காலுக்கு என்ன பலம்" என்று தோன்றும். திரும்பி மேற்கே பார்த்ததும்தான் உண்மை தெரியும். போக முக்கால் மணி நேரம் ஆனால் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆச்சரியம் இல்லை. கையில் உள்ள தண்ணீரில் பாதிக்கு மேல் திரும்பி வருவதற்கு வைத்துக் கொள்ளுங்கள்.

ரூட் 4: பழைய குற்றாலம்-மத்தளம்பாறை-கடையம் (போக வர 40 கி.மீ.)

மலை அடிவாரத்தை ஒட்டியே ஏறி இறங்கும் ரோடு. ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சைக்கிளில் செல்லும் படங்கள் மூலம் வெளியுலகுக்கு தெரிய வந்த மத்தளம்பாறை இந்த வழியில்தான் இருக்கிறது. கடைசியில் வரும் கடையம், பாரதியாரின் மனைவி செல்லம்மாள் ஊர். பாரதியார் 1918 முதல் 1920 வரை இங்கு வசித்தார்.

இந்த ரூட்டில் காத்து பக்கவாட்டில் அடிக்கும். பஸ்சோ லாரியோ உங்களை முந்தும்போது ஒரு வினாடி காத்தை மறைக்கும். சைக்கிள் அந்த வண்டி பக்கம் சாயப் பார்க்கும். வண்டி கடந்ததும் காத்து மறுபடி 'பொத்' என்று அறையும். கீழே விழுவது இந்த நேரத்தில்தான். பின்னால் பெரிய வண்டி சத்தம் கேட்டால் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தை குறைத்து, ஓரமாக நேராக போக வேண்டும்.

இங்கும் வனவிலங்கு பயம் உண்டு. 2022-ம் ஆண்டு நவம்பரில் கடையம் அருகே கரடி கடித்து 3 பேர் படுகாயம் அடைந்தனர். நன்றாக விடிந்த பிறகு, இரண்டு மூன்று பேராக போவதே பாதுகாப்பு.

புளியரை பக்கம் வேண்டவே வேண்டாம்

செங்கோட்டையை தாண்டி புளியரை வழியாக ஆரியங்காவு வரை போய் பார்க்க சிலருக்கு ஆசை வரும். கோட்டைவாசல் அருகே உள்ள 'எஸ்' வளைவில் லோடு லாரிகள் திரும்பும்போது சைக்கிளுக்கு ஒதுங்க இடம் இருக்காது. மலையை பார்க்கணும்னா கொல்லம் ரெயிலில் ஏறி உட்காருங்கள். 1904-ல் போட்ட பாதை. அகல ரெயில் பாதையாக மாறி 2018 முதல் ஓடுகிறது. குகையும் பாலமும் ஜன்னல் ஓரத்திலேயே தெரியும்.

கிளம்பும் முன்பு செக் பண்ணுங்க

* டயரில் காத்து சரியாக இருக்க வேண்டும். காத்து குறைந்தால் மிதிக்க கஷ்டம், பஞ்சரும் ஆகும்.
* மழையில் பிரேக் கட்டை நனைந்தால் உடனே பிடிக்காது. இறக்கத்தில் முன்கூட்டியே லேசாக பிடித்து விட்டு விட்டு வர வேண்டும். முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.
* சாரலில் நனைந்த செயினை வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்து ஆயில் விடுங்கள். இல்லாவிட்டால் துரு பிடித்து விடும்.
* பின்னால் சிவப்பு ரிப்ளெக்டரோ, லைட்டோ கட்டாயம்.
* தண்ணீர், ஒரு வாழைப்பழம், கொஞ்சம் சில்லறை, செல்போன். விபத்து என்றால் 108.

வேலைக்கு போறவங்களுக்கும் இது முக்கியம்

இதெல்லாம் ஊர் சுற்றுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். விடிவதற்கு முன்பே சுரண்டை, பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கும், செங்கல் சூளைக்கும், வயல் வேலைக்கும் சைக்கிளில் போகிறவர்கள் இந்த பகுதியில் ஏராளம். பலருடைய சைக்கிளில் லைட் கிடையாது, ரிப்ளெக்டரும் உடைந்து கிடக்கும். அவர்களில் ஒருவர் அடிபட்டால் அன்றைக்கே அந்த வீட்டு அடுப்பு அணைந்து விடும்.

கிராமத்து ரோட்டில் சுற்றிப் போனால் 10 நிமிடம் கூடுதலாக ஆகலாம். அந்த 10 நிமிடத்துக்கு பயந்து லாரிக்கு பக்கத்தில் போகத் தேவையில்லை. மட்கார்டில் ஒரு சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டுவதற்கு பெரிய செலவும் ஆகாது. வீட்டில் யாராவது இருட்டில் சைக்கிள் எடுக்கிறவர் இருந்தால், இன்றைக்கு சாயங்காலமே அந்த சைக்கிளின் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்து விடுங்கள்.