மூன்று தீபாவளியும் பதினாறு நாளும்

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் அந்தத் தீபாவளியையும் அதற்கடுத்த இரண்டு தீபாவளிகளையும் கண்டது என்பதும், படத்தின் கதாநாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதர் கொலை வழக்கில் சிறை புகுந்த பின்னரும் ஜனங்கள் அவருடைய பாட்டைக் கேட்க அந்தக் கொட்டகைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள் என்பதும் தமிழ் சினிமாவின் சரித்திரத்தில் பலரும் அறிந்த விஷயம். 2021ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி வெளியான 'மாஸ்டர்' படமோ, பாதி இருக்கைகளையே நிரப்பலாம் என்ற கட்டுப்பாட்டின் நடுவிலும் சாரி சாரியாக ஜனங்களை அழைத்து வந்து, மாதக்கணக்கில் பட்டினி கிடந்த கொட்டகைகளுக்கு உயிர் கொடுத்த அந்தப் படமோ, 16 நாள் கழித்து அமேசான் பிரைம் மூலமாக வீடுதோறும் கைபேசிக்குள் வந்து இறங்கிவிட்டது.

கொள்ளைநோய்க் காலத்துக்குப் பிறகு திரையரங்குகளின் கதி என்ன என்று விசாரிப்பவர்கள், கூட்டம் திரும்பி வருமா என்பதையே பிரதான கேள்வியாக வைத்துக்கொள்கிறார்கள். கூட்டம் வந்துவிட்டது என்பதைக் கண்ணாரக் காண்கிறோம். ஆனால் ஒரு படம் கொட்டகையில் சில வாரமாவது தங்கி, தனக்குரிய ரசிகர்களைத் தேடிக்கொள்வதற்கு முன்னாளில் இருந்த அவகாசம் இன்னும் திரும்பி வரவில்லை. கவலைப்பட வேண்டிய இடம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

நடந்தவற்றைச் சுருக்கமாக நினைவூட்டிக்கொள்வோம். 2020 மார்ச் 17ஆம் தேதி தமிழ்நாட்டில் திரையரங்குகள் மூடப்பட்டன; நவம்பர் 10ஆம் தேதி பாதி இருக்கைகளோடு திறந்தன; அடுத்த ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி இரண்டாம் அலை மறுபடியும் கதவைச் சாத்தியது. ஆகஸ்ட் 23ஆம் தேதி பாதியாகவும் நவம்பர் 1ஆம் தேதி முழுமையாகவும் திறந்த பிறகு, 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்து, மீண்டும் பாதி என்று ஆக்கி, ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தது.

பாதி இருக்கை என்றால் பாதி வருமானம், ஆகவே பாதி லாபம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். வியாபாரம் அப்படி நடப்பதில்லை. 100 பேர் பார்த்தாலும் 1,000 பேர் பார்த்தாலும் புரொஜெக்டரின் விளக்கு ஒரே அளவு மின்சாரத்தையே குடிக்கும்; ஆபரேட்டருக்கும் டிக்கெட் கிழிப்பவருக்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும் சம்பளம் ஒன்றே; கடனுக்கு வட்டியும் கட்டடத்துக்கு வரியும் காலி நாற்காலிகளைக் கண்டு இரக்கப்பட்டுக் குறைந்துவிடுவதில்லை. முதலில் நிரம்பும் நாற்காலிகள் செலவைச் சுமக்கின்றன. பின்னால் நிரம்புபவையே லாபத்தைத் தருகின்றன. அரசாங்கத்தின் உத்தரவு, நோய்க்கு அஞ்சி நியாயமாகவே இடப்பட்ட அந்த உத்தரவு, இந்தப் பின்பகுதி நாற்காலிகளைத்தான் வெறுமையாக வைத்தது.

இதைக் காட்டிலும் நுட்பமான கணக்கு ஒன்று உண்டு. பெரிய படங்களைப் பொறுத்தமட்டில், வசூலில் பெரும்பங்கு முதல் வாரத்தில் விநியோகஸ்தருக்குப் போகிறது. வாரம் செல்லச் செல்லத்தான் கொட்டகைக்காரரின் பங்கு படிப்படியாக உயர்கிறது. ஆகவே முதல் மூன்று நாள் கூட்டத்தைக் கண்டு, கொட்டகைக்காரர் செல்வத்தில் மிதக்கிறார் என்று எண்ணுவது பிழை. அவருக்கு உண்மையான பிழைப்பு மூன்றாவது வாரத்திலும் நான்காவது வாரத்திலும், நிதானமாகக் குடும்பத்தோடு வந்து, இடைவேளையில் கேன்டீனில் முறுக்கும் காப்பியும் வாங்கும் ஜனங்களிடம் இருந்தது. படம் கைபேசிக்கு வரும் நாள் முன்னால் நகர நகர, வெட்டுப்படுவது சரியாக இந்த வாரங்களே. இப்போது தமிழ்ப் படங்களுக்கு நான்கு வார இடைவெளி வழக்கமாகியிருக்கிறது; ஹிந்திப் படங்களுக்கு மல்டிப்ளெக்ஸ்கள் எட்டு வாரம் கேட்டுப் பெறுகின்றன; இங்கேயும் எட்டு வாரம் வேண்டும் என்று திரையரங்க உரிமையாளர்கள் கேட்டுவருகிறார்கள்.

ஓடிடியை வில்லனாக்கிப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. 2020 மே 29ஆம் தேதி 'பொன்மகள் வந்தாள்' கொட்டகையைத் தாண்டி நேராக இணையத்துக்குப் போனபோது உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனால் பூட்டிய கதவுக்கு முன்னால் முடிந்த படத்தை வைத்துக்கொண்டு மாதாமாதம் வட்டி கட்டும் தயாரிப்பாளருக்கு வேறு என்ன உபாயம் இருந்தது? 'சூரரைப் போற்று' அந்த ஆண்டு தீபாவளியை ஒட்டியும், 'ஜெய் பீம்' அடுத்த ஆண்டு தீபாவளியை ஒட்டியும் அவ்வாறே வந்து, கொட்டகை வாயிலையே மிதிக்காமல் லட்சோபலட்சம் பேரைச் சென்றடைந்தன. ஆயினும் ஒரு படத்துக்காக இன்றும் வருந்துகிறேன். வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிய 'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலையில் வீட்டுத் திரைகளுக்கு வந்தது. மேடையைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரிக்கும் அந்தச் சண்டைக் காட்சிகளை, பக்கத்து அறையில் பிள்ளை தூங்குகிறது என்று சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். திரைக்குள் இருந்த கூட்டத்துக்குப் பதில் சொல்ல, திரைக்கு இப்புறம் ஒரு கூட்டம் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தின் அருமை நம் நாட்டில் வெறும் கேளிக்கை சம்பந்தப்பட்டது அன்று. ரயில்வே உத்தியோகத்தை விட்டு, 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கிக்கொண்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்திலிருந்தே, காசு கொடுத்தவர் எவரும் உள்ளே வரலாம் என்பது இந்தத் தொழிலின் விதி. கோயிலிலும் குளக்கரையிலும் காப்பிக் கடையிலும் ஜாதி பார்த்து நிற்க வைக்கப்பட்ட தமிழர்கள், முதன்முதலாக ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்தது சினிமாக் கொட்டகையிலேதான் என்று யாழ்ப்பாணத்துப் பேரறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். தரை, பெஞ்சு, சேர் என்ற பேதம் அங்கேயும் இருந்தது. ஆனால் அதைத் தீர்மானித்தது சட்டைப்பையில் இருந்த காசே அல்லாமல் பிறப்பு அன்று.

இதை நினைத்துப் பார்க்கும்போதுதான் ஒவ்வொரு புயலிலும் நாம் எதை இழந்தோம் என்பது புலப்படுகிறது. 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தபோதும், அதன்பின் வீடியோ காஸெட் வந்தபோதும், 1990களில் செயற்கைக்கோள் சேனல்கள் வந்தபோதும் சினிமாவுக்கு அந்திமகாலம் குறிக்கப்பட்டது. சினிமா சாகவில்லை. ஆனால் டூரிங் டாக்கீஸ் போயிற்று; பழைய படம் ஓட்டிய சிற்றூர்க் கொட்டகைகள் கல்யாண மண்டபங்களாகவும் கிடங்குகளாகவும் மாறின; 1952இல் 'பராசக்தி'யோடு திறந்து, 2,500 பேருக்கு மேல் அமரக்கூடியதாக இருந்த மதுரை தங்கம் தியேட்டரும் இன்று இல்லை. கொள்ளைநோய் தன் பங்குக்கு, 1967 முதல் நடந்துவந்த தண்டையார்பேட்டை அகஸ்தியாவை 2020இலேயே கொண்டுபோயிற்று. அசோக் நகர் உதயம் 2024இல் மூடியது. குறைந்த டிக்கெட்டுக்கு எல்லாரும் நுழையக்கூடிய இடங்களே ஒவ்வொரு தடவையும் போயிருக்கின்றன.

திரும்பி வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்று பார்த்தால், நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. 2022இல் 'விக்ரம்' வந்தது. 'பொன்னியின் செல்வன்' வந்தபோது, கொட்டகையை மறந்தே போயிருந்த முதியவர்கள் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கல்கியின் கதையைக் காண வந்தார்கள். இவை பெரிய படங்கள், வராதிருந்தால்தான் ஆச்சரியம். நான் முக்கியமாகக் கருதுவது 2024 பிப்ரவரியில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தை. தமிழ் ரசிகர்களைக் கவர்ந்திழுக்கும் பெரிய நட்சத்திரம் எவரும் இல்லாத அந்தப் படம், கொடைக்கானல் குகையையும் 1991இல் வந்த 'குணா'வின் பாட்டையும் கொண்டு தமிழ்நாட்டில் நாளுக்கு நாள் கூட்டம் பெருகி ஓடியது. 'லப்பர் பந்து'வும், இலங்கையிலிருந்து வந்து சேரும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் அவ்விதமே. பார்த்தவர் பார்க்காதவரிடம் "போய்ப் பாருங்கள்" என்று சொல்லிச் சொல்லி ஏறிய படங்கள் இவை. அந்தச் சொல் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக வாரங்கள் பிடிக்கின்றன. "இன்னும் கொஞ்ச நாளில் போனிலேயே வந்துவிடுமே" என்ற எண்ணம் அந்தச் சொல்லைப் பாதி வழியில் மறித்துவிடுகிறது. பெரிய நட்சத்திரத்தின் படத்துக்கு மூன்று நாள் போதும். நடுத்தரப் படத்துக்கு நாட்களே ஆஸ்தி.

ஆகையால் எட்டு வாரம் என்ற கோரிக்கையைத் தயாரிப்பாளர்கள் செவிமடுக்க வேண்டும் என்றே சொல்வேன். முன்பணமாக வரும் ஓடிடித் தொகை அதனால் குறையலாம். சிறு தயாரிப்பாளருக்கு அது உண்மையான நஷ்டமே, அதை மறைப்பதற்கில்லை. டிக்கெட் விலையைப் பற்றியும் கொட்டகைக்காரர்கள் யோசிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது; அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதமே நீடிக்கிறது. 100 ரூபாய்க்குள் நல்ல நாற்காலி கிடைக்கும் கொட்டகைக்கு இது ஒரு கைலாகு. நால்வர் அடங்கிய குடும்பம், பெட்ரோலும் பாப்கார்னும் சேர்த்து ஒரு வாரச் சாமான் செலவைக் கொடுத்துவிட்டு மாதம் இருமுறை படம் பார்க்க வரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2004இல் வெளியான 'கில்லி'யை 2024 ஏப்ரல் 20ஆம் தேதி மறுபடியும் திரையிட்டார்கள். தொலைக்காட்சியில் எண்ணற்ற தடவை வந்த படம். எந்த நேரமும் கைபேசியில் பார்க்கக்கூடிய படம். அது முதலில் வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்களும் பிறக்கவே பிறக்காதவர்களும் டிக்கெட் வாங்கி உள்ளே போனார்கள். ஒவ்வொரு வசனத்தையும் நடிகருக்கு முன்னால் தாங்களே சொன்னார்கள். பாட்டு வந்ததும் எழுந்துபோய், முன்பின் அறியாதவர்களோடு தோளில் கை போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் ஆடினார்கள்.