மான் கொம்பு உதிரும் காலமும் பிள்ளைகளின் விடுமுறையும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் மா, தென்னை வைத்திருக்கும் விவசாயிகளின் வீட்டுப் பிள்ளைகளுக்கு மான் கொம்பு மீது தனி ஆசை உண்டு. விடுமுறை விட்டதும் "கொம்பு பொறுக்கப் போகலாமா?" என்று கேட்பார்கள். வட அமெரிக்காவில் குளிர்காலம் முடியும் சமயத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கொம்பு தேடப் போவது ஒரு பொழுதுபோக்கு. நம் மலைக்கு அது பொருந்தாது. அதற்கான காரணங்களைப் பெரியவர்கள் அறிந்து பிள்ளைகளுக்குச் சொல்வது நல்லது.

கொம்பு ஏன் உதிர்கிறது?

மாடு, ஆடு, வரையாடு இவற்றின் கொம்பு உள்ளே எலும்பும் வெளியே நகம் போன்ற உறையும் கொண்டது. அது ஆயுள் முழுவதும் நிலைத்திருக்கும். மிளா, புள்ளிமான், கேளையாடு இவற்றின் கொம்போ முழுவதும் எலும்பு. ஆணுக்கு மட்டுமே முளைக்கும். வளரும்போது மெல்லிய மயிர்த்தோல் மூடி, இரத்த ஓட்டத்துடன் இருக்கும். முற்றியதும் தோல் காய்ந்து உரியும். இணை சேரும் பருவம் கழிந்து ஆண் சுரப்பு நீர் குறையும்போது, கொம்பின் அடியில் எலும்பு கரைந்து கொம்பு கழன்று விழுகிறது. பிறகு அதே இடத்தில் புதுக்கொம்பு முளைக்கும்.

எப்போது உதிரும்?

மிளா பெரும்பாலும் மார்ச் முதல் ஜூலைக்குள் கொம்பை உதிர்க்கும். புள்ளிமான்களில் எல்லா ஆண்களும் ஒரே சமயத்தில் உதிர்ப்பதில்லை. ஒரே கூட்டத்தில் முற்றிய கொம்பையும் இளங்கொம்பையும் பார்க்கலாம்.

கோடை விடுமுறையும் இதே காலத்தில்தான் வருகிறது. மாம்பழம் பழுப்பதும், யானைகள் தோப்புகளை நாடி இறங்குவதும், காட்டில் புல் காய்ந்து தீப்பிடிப்பதும் இந்த மாதங்களில்தான். ஆகவே கொம்பு கிடைக்கும் காலமே பிள்ளையைக் காட்டோரம் அழைத்துச் செல்லக் கூடாத காலம்.

சட்டம் சொல்வது

இம்மலைப் பகுதி 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி உள்ளே செல்வதும், அங்கிருந்து எதையும் எடுத்து வருவதும் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொம்பும் விலங்கின் பாகமாகவே கருதப்படுகிறது. "தானாக விழுந்தது" என்று சொல்லித் தப்ப முடியாது. வீட்டில் மாட்டி வைப்பதும், வாங்குவதும், விற்பதும் வழக்கில் கொண்டுபோய் விடும்.

கொம்பு எடுப்பதால் காட்டுக்கும் நட்டம். எலும்புத்தூள் உரத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் கொம்பிலும் உண்டு. முள்ளம்பன்றி அதைக் கொறித்துத் தின்னும். மீதி மண்ணில் சேரும். முதுமலை போன்ற காடுகளில் கொம்பு தேடுவோர் பார்வை மறைக்கும் புல்லுக்குத் தீ வைத்ததும் உண்டு. மலையில் புல்லும் மரமும் எரிந்தால் மழைநீர் நிலத்தில் இறங்காமல் ஓடிவிடும். அடிவாரத்து ஓடையையும் கிணற்றையும் நம்பியுள்ள விவசாயிக்கே அந்த இழப்பு.

தோப்பில் கிடந்தால்

சொந்தப் பட்டா நிலத்தில் கொம்பு கிடந்தாலும் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. கிடந்த இடத்திலேயே விட்டு, அன்றே வனச்சரக அலுவலகத்துக்கோ வனக்காப்பாளருக்கோ தகவல் சொல்ல வேண்டும். தானாக உதிர்ந்த கொம்பின் அடி குமிழ் போல முடிந்திருக்கும். மண்டை எலும்பு ஒட்டியிருந்தால் அது உதிர்ந்த கொம்பல்ல. மான் செத்திருக்கிறது அல்லது வேட்டையாடப்பட்டிருக்கிறது. அப்போது சுற்றுமுற்றும் நடந்து தடயத்தை அழிக்காமல் உடனே தெரிவிக்க வேண்டும்.

பிள்ளைக்கு எதைக் காட்டலாம்?

நன்றாக விடிந்த பிறகு, முதலில் பெரியவர் ஒருவர் தோப்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும். புது யானை லத்தியோ முறிந்த கிளையோ தென்பட்டால் அன்று பிள்ளையை வீட்டிலேயே விட வேண்டும். ஆபத்தில்லை என்று தெரிந்தால் வரப்பு ஈரத்தில் பதிந்த குளம்புத் தடங்களைக் காட்டலாம். மிளாவின் தடம் பெரிது, புள்ளிமானின் தடம் சிறிது. நாயை உடன் கொண்டு போகக் கூடாது; அது மானைத் துரத்தும், யானையைக் கண்டால் அதைக் கிளப்பிவிட்டு ஆள் இருக்கும் பக்கமே ஓடிவரும். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.