சடுகுடுவுக்கு வந்தது கடிகாரம்!

மண் தரை. பக்கத்துக்கு ஏழு பேர். "சடுகுடு, சடுகுடு" என்று பாடிக்கொண்டே ஒருவர் பாய்கிறார். சுரண்டை வட்டாரத்து வாசகர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால், விதி மாறிவிட்டது. தெரியுமா?

முன்பு மூச்சு உள்ளவரை பாடலாம். 2014-ல் தொடங்கிய புரோ கபடிப் போட்டியில் 30 விநாடிதான்! இரண்டு முறை பாடிப்போயும் ஓர் அணிக்குப் புள்ளி கிடைக்கவில்லையா? மூன்றாம் முறை போகிறவர் புள்ளி எடுத்தே தீரவேண்டும். இல்லையேல் அவர் அவுட்!

விதி மாறினால் பயிற்சியும் மாறவேண்டும் அல்லவா? மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. கடிகாரத்தை வைத்தும் பழகவேண்டும்.

தரையும் மாறிவிட்டது. பெரிய போட்டிகள் மெத்தை விரிப்பில் நடக்கின்றன. காலில் ஷூ வேண்டும். மண்ணில் வெறுங்காலோடு பழகிய பையன் அங்கே திணறுகிறான். திறமை இருந்தும் தேர்வில் பின்தங்க நேரிடுகிறது.

பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கணேசன், 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். கிராமத்துப் பையன்களுக்கு வலிமை குறைவில்லை. பழக ஒரு விரிப்பு கிடைத்தால் போதும். ஊர்ப் பெரியவர்கள் கவனிப்பார்களா?