சைக்கிள் செயினும் ஒரு சின்னப் பூட்டும்



"செயின் மாட்டுறதெல்லாம் ஒரு விஷயமா? அதுக்கு ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் நம் சைக்கிள் ஸ்டாண்டை ஒருமுறை பாருங்கள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளிலேயே பிளஸ் டூ முடித்து, நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, இன்னும் அதையே மிதித்துக்கொண்டு வருகிறவர்கள் நம்மில் பலர். அந்தச் செயின்களுக்கு வயதாகிவிட்டது. புதுசு மாட்ட வேண்டிய நேரம் இது. விடுதி மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து நண்பர்களின் சைக்கிள்களுக்குச் செயின் மாட்டுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பெடல் கிராங்கின் நீளம் 6½ அங்குலம். 44 பல் உள்ள பெரிய பல்சக்கரத்தின் ஆரம் 3½ அங்குலம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மேம்பாலம் ஏறும்போது எழுந்து நின்று ஒரு பெடலை மிதிக்கிறார். செயினில் விழும் இழுவை என்ன? 60 × 6½ ÷ 3½. ஏறக்குறைய 111 கிலோ! தன் எடையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த நேரத்தில் செயின் விட்டுப்போனால் கால் அப்படியே கீழே போகும், ஆள் ஹேண்டில்பார் மேல் விழுவார். பின்னால் பஸ் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. செயின் சும்மா நிற்கும்போது அறுவதில்லை. நாம் முழுப் பலத்தையும் அதை நம்பிக் கொடுக்கும்போதுதான் அறும்.

இப்போது நாம் ஓட்டும் ரோலர் செயினுக்கு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1880-ல் காப்புரிமை பெற்றார். உள் தகடு, வெளித் தகடு, பின், புஷ், ரோலர் என்று ஐந்தே உறுப்புகள். பின்னுக்குப் பின் இடைவெளி, அதாவது பிட்ச், 1/2 அங்குலம். "செயின் நீண்டுபோச்சு" என்கிறோமே, தகடு நீளுவதில்லை. பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு மூட்டில் தேய்வது முடியளவுதான். ஆனால் நூறு மூட்டு சேர்ந்தால் செயின் தொங்க ஆரம்பிக்கும்.

மாற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்ள ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். செயினை விறைப்பாகப் பிடித்து, ஒரு பின்னின் மையத்தில் பூஜ்யத்தை வையுங்கள். 24 பிட்ச் தள்ளி உள்ள பின், புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் தாண்டிவிட்டால் செயின் மட்டும் போதாது. பழைய செயின் பல்லையும் தின்றிருக்கும். ஃப்ரீவீல் பற்கள் கொக்கிபோல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதன்மேல் புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது 'கடக்' என்று தாவும். செலவைப் பார்க்காமல் ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.

அடுத்தது நீளம். பழைய செயினைப் பக்கத்தில் நீட்டி அளக்காதீர்கள், அது தேய்ந்து நீண்டது. கண்ணிகளை எண்ணுங்கள். பழசு தொலைந்துபோனால் கணக்குப் போடலாம். அச்சுக்கு அச்சு தூரம் 18½ அங்குலம் என்றால் 37 பிட்ச். அதன் இரு மடங்கு 74. பற்கள் 44-ம் 18-ம் கூட்டி, பாதி 31. மொத்தம் 105. இரண்டு பல்சக்கரமும் ஒரே அளவில் இல்லாததால் இன்னும் ஏறக்குறைய அரைக் கண்ணி சேரும். உள் கண்ணி, வெளிக் கண்ணி மாறி மாறி வருவதால் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஆகவே 106. மிச்சத்தைச் செயின் கட்டரால் பின்னைத் தள்ளி எடுத்துவிடுங்கள். இரண்டு முனையிலும் குறுகலான உள் கண்ணியே இருக்க வேண்டும். பூட்டும் கண்ணி ஒன்றாகச் சேருவதால் கட்டும்போது 105 கண்ணி விடவேண்டும்.

இனி மாட்டுவது. பின் சக்கர நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னால் தள்ளுங்கள். செயினைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனையையும் பெரிய பல்சக்கரத்தின் பக்கத்துப் பக்கத்துப் பற்களில் உட்கார வையுங்கள். பல்லே பிடித்துக்கொள்ளும், மூன்றாவது கை தேவைப்படாது! உள்பக்கத்திலிருந்து பூட்டுக் கண்ணியைச் செருகி, வெளிப்பக்கம் தகடைப் போட்டு, கடைசியில் கிளிப்பை மாட்ட வேண்டும்.

நண்பர்களே, இந்தக் கட்டுரையே இந்தக் கிளிப்புக்காகத்தான். மீன் வடிவத்தில் இருக்கும் அதற்கு ஒரு முனை மூடியது, ஒரு முனை பிளந்தது. மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்பக்கச் செயின் முன்னால் ஓடுகிறது. ஆகவே பூட்டு மேலே இருக்கும்போது மூடிய முனை முன்சக்கரத்தைப் பார்க்கணும். ஏன்? ஓடும்போது செயின் கவரோ பேண்ட் துணியோ எதிரே வந்து இடித்தால் மூடிய முனையில்தான் இடிக்கும், கிளிப் இன்னும் இறுகும். திருப்பி மாட்டினால் அதே இடி கிளிப்பைக் கழற்றிவிடும். கிளிப் போனால் தகடு போகும், தகடு போனால் அந்த 111 கிலோவையும் ஒரு பக்கத் தகடு மட்டும் சுமக்க வேண்டும்.

கொறடின் ஒரு தாடையை மூடிய முனையிலும் மறு தாடையைப் பின்பக்கப் பின்னிலும் வைத்து அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். இரண்டு பின்னின் காடியிலும் உட்கார்ந்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கழற்றிய பழைய கிளிப்பை மறுபடி போடாதீர்கள். அதன் விறைப்புப் போயிருக்கும். (கியர் சைக்கிள்காரர்கள் கவனிக்க: உங்கள் செயின் அகலம் குறைந்தது, பூட்டும் முறையும் வேறு. இது உங்களுக்கில்லை.)

கடைசியாக இழுவை. சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, செயினின் நடுவில் விரலால் தூக்கினால் மேலும் கீழுமாக 1/2 அங்குலம் ஆட வேண்டும். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே அளந்து பாருங்கள். ரொம்ப இறுக்கினால் பேரிங் கத்தும், தளர்ந்தால் செயின் கழன்று விழும். சக்கரம் இருபக்க ஃபோர்க்குக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து நட்டுகளை முடுக்குங்கள். ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியில் நிற்கும் எண்ணெய் மண்ணைப் பிடித்து அரத்தூள் மாதிரி அராவும்.

'பலவீனமான கண்ணியே சங்கிலியின் பலம்' என்று வகுப்பில் படிக்கிறோம். நம் சைக்கிளில் அந்தக் கண்ணி எது என்று இப்போது தெரியும். வாரம் ஒருநாள் பெடலைக் கையால் சுற்றி, பூட்டு கண்ணில் படும்போது கிளிப் இருக்கிறதா, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். பத்து விநாடி வேலை. பக்கத்தில் நிற்கும் நண்பனின் சைக்கிளையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்!